எனது என்பது எது?

தேயிலைத் தோட்டத்துப் பாதை பெருந்தெருவிலிருந்து பிரியும் முடக்கிலே ஒரு பலகை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தனியார் காணி, அனுமதியின்றி உட்பிரவேசிக்கத் தடை என்று அதில் எழுதியிருக்கும். பதுளையிலிருந்து பசறைப் பக்கம் போனாலும், அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைப் பக்கம் போனாலும் இத்தகைய பலகைகள் நமக்குப் புதியவை அல்ல. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அந்தப் பலகையைக் கடந்துதான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும் குடும்பமும் அதைக் கடந்துதான் வருகிறது. அந்தப் பிள்ளையின் பாட்டனும் பூட்டனும் அதற்கு உட்புறத்திலேதான் பிறந்தார்கள், அங்கேயே உழைத்தார்கள், அங்கேயே தேயிலைத் தூரடியில் புதைக்கப்பட்டார்கள். ஆயினும் பலகை சொல்லும் 'தனியார்' அவர்கள் அல்லர்.

அப்படியானால் அந்த மண் யாருடையது? இக்கேள்வி சட்டத்தைப் பற்றியது மட்டுமன்று, மனச்சாட்சியைப் பற்றியதுமாகும். நம் குடும்பங்களிலே காணி உறுதி பற்றிய பேச்சு எழுந்திருக்கும் இக்காலத்தில் இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்பது நல்லது.

ஒரு சொல்லும் அதன் பொருள்களும்

இதே பலகையைப் பிரான்சிலும் காணலாம். நம்மவர் பலர் அங்கே குடியேறியிருப்பதால் அந்நாட்டு மொழி இன்று நமக்கு அவ்வளவு தூரத்ததன்று. அங்கே பலகையில் 'ப்ரொப்ரியெத்தே ப்ரிவே' என்று எழுதியிருப்பார்கள். 'ப்ரிவே' என்றால் தனிப்பட்டது. 'ப்ரொப்ரியெத்தே' என்பதுதான் நாம் ஆராய வேண்டிய சொல்.

அச்சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. ஒரு பொருள் மீது எனக்குள்ள உரிமை முதலாவது. அந்த உரிமைக்கு உட்பட்ட பொருளே, குறிப்பாக வீடும் நிலமும் சேர்ந்த பெரிய காணி, இரண்டாவது. நாம் 'தோட்டம்' என்று சொல்வதைப் போன்றது அது. மூன்றாவது பொருள் சற்று வியப்பானது. தண்ணீருக்குக் குளிர்ச்சி, நெருப்புக்குச் சூடு என்று ஒன்றன் இயல்பாய் அமைந்த குணத்தையும் பிரெஞ்சுக்காரர் இதே சொல்லால் குறிப்பார்கள். நான்காவதாக, ஒரு சொல் பொருத்தமான இடத்தில் பொருத்தமாக நிற்கும் தகுதிக்கும் இதுவே பெயர்.

இவை யாவும் 'ப்ரொப்ரியுஸ்' என்ற லத்தீன் வேரிலிருந்து முளைத்தவை. தனக்கே உரியது என்பது அதன் கருத்து. அவ்வேரிலிருந்தே 'ப்ரொப்ர்' என்ற பிரெஞ்சுச் சொல்லும் வந்தது. அதற்குச் 'சொந்தமான' என்றும் பொருள், 'சுத்தமான' என்றும் பொருள். சொந்தத்துக்கும் சுத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? லயத்திலே குடியிருப்பவர்களுக்கு இது விளங்காத புதிரன்று. காம்பராவின் கூரைத் தகரம் தோட்டத்துடையது, சுவர் தோட்டத்துடையது, நிலம் தோட்டத்துடையது. எனினும் விடியற்காலையில் எழுந்து இஸ்தோப்பைக் கூட்டி மெழுகும் தாய், அந்த நாலு முழ இடத்தை உறுதிப் பத்திரம் இல்லாமலே தனதாக்கிக்கொள்கிறாள் அல்லவா?

நம் தமிழிலும் இத்தகைய அழகு உண்டு. 'சொந்தக்காரர்' என்றால் உரிமையாளரும் ஆவார், உறவினரும் ஆவார். காணிப் பத்திரத்தை 'உறுதி' என்கிறோம்; மனத் திண்மைக்கும் அதுவே பெயர். 'உடைமை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். திருவள்ளுவர் அன்புடைமை, அடக்கமுடைமை, ஒழுக்கமுடைமை, பொறையுடைமை, அருளுடைமை, அறிவுடைமை, ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, பண்புடைமை, நாணுடைமை என்று பத்து அதிகாரங்களுக்குப் பெயரிட்டார். பொருளைப் பற்றியும் ஓர் அதிகாரம் பாடினார். ஆனால் அதற்குப் 'பொருளுடைமை' என்று பெயரிடவில்லை. 'பொருள் செயல்வகை' என்றே பெயரிட்டார். மனிதனின் உண்மையான உடைமை அவனுடைய குணம். பொருளோ அவன் செய்யவும் பயன்படுத்தவும் வேண்டியது. இப்படி அவர் பிரித்துக் காட்டியதாக நாம் கொள்ளலாம்.

1840இல் நடந்த இரண்டு காரியங்கள்

பல பொருள் கொண்ட இச்சொல்லைச் சட்டம் ஒரே பொருளுக்குள் அடைத்தது. 1789இன் பிரெஞ்சுப் புரட்சியாளர் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் கடைசிப் பிரிவு, சொத்துரிமையை மீறப்படக்கூடாத புனித உரிமை என்று கூறிற்று. 1804இல் வந்த நெப்போலியன் சட்டக்கோவையின் 544ஆம் பிரிவு அதை இன்னும் இறுக்கியது. தன் பொருளை முழுமுற்றான முறையில் அனுபவிக்கவும், விரும்பியபடி விட்டொழிக்கவும் உரிமையாளனுக்கு அதிகாரமுண்டு, சட்டமும் ஒழுங்குவிதிகளும் தடுக்கும் வகையில் மட்டும் பயன்படுத்தலாகாது என்பது அதன் கருத்து.

'முழுமுற்றான' என்ற அச்சொல்லை எதிர்த்துக் குரல் எழாமல் இருக்குமா? 1840இல் புரூதோன் என்ற பிரெஞ்சுக்காரர் 'ப்ரொப்ரியெத்தே என்பது என்ன?' என்று கேட்டு ஒரு நூல் எழுதினார். அது களவு என்பதே அவர் தந்த பதில். ஐரோப்பா அதிர்ந்தது.

அதே 1840இல் நம் இலங்கையிலே என்ன நடந்தது தெரியுமா? ஆங்கில அரசு 12ஆம் இலக்கக் காணிச் சட்டத்தை நிறைவேற்றியது. பயிரிடப்படாத காடும் தரிசும், உரிமையை மெய்ப்பிக்க முடியாவிடின் முடிக்குரியவை என்று கொள்ளப்பட்டன. தலைமுறை தலைமுறையாக மேய்ச்சலுக்கும் சேனைக்கும் மலைக்காடுகளை நம்பியிருந்த கண்டிச் சிங்களக் கிராமத்தவரிடம் பத்திரம் எங்கே இருக்கும்? காடு முடியின் கைக்குப் போயிற்று. முடியிடமிருந்து கோப்பித் துரைமாரின் கைக்குப் போயிற்று. பாரிசிலே ஒருவர் சொத்துடைமையைக் களவு என்று எழுதிய ஆண்டிலேயே, இங்கே காகிதம் இல்லாதவனுக்குக் காணி இல்லை என்று சட்டம் எழுதப்பட்டது.

பிறகு கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1890இல் லிப்டன் தம்பேதன்னையை வாங்கினார். 1924இல் புகையிரதம் பதுளையை எட்டியது. ஊவாத் தேயிலையின் மணம் உலகெங்கும் பரவியது. அந்த மணத்துக்கு உழைத்தவர்களின் கதையை இனிப் பார்ப்போம்.

மனிதரே உடைமையான காலம்

ஒரு மனிதனை இன்னொரு மனிதனின் சொத்தாகக் கணக்கிட்ட பாவத்தை வரலாறு நன்கறியும். 1685இன் பிரெஞ்சு அரச கட்டளை அடிமைகளை அசையும் சொத்து என்றே வகுத்தது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை இறுதியாக ஒழிந்தது 1848இலேதான். அதன் பின்னர் அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்டு ரெயூனியன், மர்த்தினீக், குவாதலூப் தீவுகளுக்குப் போனவர்களில் நம் தமிழர் பலர்.

இலங்கைக்கு வந்த நம் முன்னோர் அடிமைகள் அல்லர்; கூலிகள். ஆனால் 'துண்டு' என்று ஒன்று இருந்தது உங்களில் மூத்தோருக்கு நினைவிருக்கலாம். குறைந்தது அவர்களுடைய பாட்டன்மார் சொல்லியிருப்பார்கள். தொழிலாளியின் பெயரில் கங்காணி எழுதிவைத்த கடன் தொகை அந்தச் சீட்டிலே இருக்கும். அத்தொகையைக் கட்டும் தோட்டத்துக்கு அந்த ஆட்கள் போவார்கள். விற்பனை என்று யாரும் அதற்குப் பெயரிடவில்லை. ஆனால் விலை இருந்தது, கைமாறுதல் இருந்தது. 1921இல்தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்பது அதன் சாரம். 1974இல் அந்த எஞ்சியோரையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். தகப்பன் இறந்தபின் அண்ணன் தம்பி உட்கார்ந்து மாடு கன்றைப் பங்கு போடுவதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே பங்கு போடப்பட்டவர்கள் மனிதர்கள். தாய் ஒரு பங்கில், மகள் இன்னொரு பங்கில் விழுந்த வீடுகள் எத்தனை! பதுளைப் புகையிரத நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுத அழுகையை மூத்தோர் இன்றும் மறக்கவில்லை. நாடற்ற நிலை முடிய 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இடையிலே 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஒருவர் அதிகபட்சம் 50 ஏக்கர் வைத்திருக்கலாம், வயலாயின் 25 ஏக்கர் என்று அது வரையறுத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992இலிருந்து அவற்றின் நிருவாகம் மீண்டும் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. முடி, துரை, அரசு, கம்பனி என்று உரிமையாளர் மாறிக்கொண்டே இருந்தார்கள். லயம் மட்டும் பெரும்பாலும் அப்படியே நின்றது.

போக இடமில்லாதவர்

சொந்தம் என்று ஒன்று இல்லாதிருப்பது வெறும் வசதிக் குறைவு என்று நினைப்போருக்கு மீரியபெத்தை பதில் சொல்லும். 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தைக்கு அருகே அந்தத் தோட்டத்து மலை சரிந்து லயங்களை மூடியது. தாய் தந்தையரும் பிள்ளைகளும் மண்ணுக்குள் போனார்கள். சிலருடைய உடலும் கிடைக்கவில்லை. அது ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. பிறகு ஏன் அவர்கள் வெளியேறவில்லை என்று கேட்டவர்கள் உண்டு.

எங்கே வெளியேறுவது? கேள்வி கேட்பவர் தமக்கென ஓர் இடம் உள்ளவர். அதனாலே அவருக்கு இருக்கவும் முடியும், எழுந்து போகவும் முடியும். காம்பராவோ வேலையோடு ஒட்டியது. வீட்டில் ஒருவரேனும் தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால்தான் அங்கே கால் ஊன்றலாம். அதைவிட்டு இறங்கினால் மிதிக்க ஒரு சாண் நிலம் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை பெய்தபோதும் பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகள் இடிந்து உயிர்களைக் கொண்டன. மலை எல்லோர் மேலும் சரியக்கூடியதே. ஆனால் விலகிப் போக இடமில்லாதவன் மேல் அது அதிகமாய்ச் சரிகிறது.

ஆகவே சகோதரரே, 'இவ்வுலகச் செல்வம் நிலையற்றது, மோட்சமே நம் சொந்த வீடு' என்று மட்டும் சொல்லி இக்கேள்வியை மூடிவிட நமக்கு உரிமையில்லை. மோட்சம் நம் வீடு என்பது விசுவாசம். ஆனால் பிறனுக்கு நிலம் மறுப்பதற்கு அதை ஒரு சாக்காகச் சொன்னால், அது விசுவாசத்தைத் துர்ப்பிரயோகம் செய்வதாகும்.

திருச்சபை எங்கே நிற்கிறது?

சொத்துரிமை முழுமுற்றானது என்றது ஒரு சட்டம். அது களவு என்றது ஒரு நூல். திருச்சபை இவ்விரண்டையும் ஏற்கவில்லை.

பழைய ஏற்பாட்டிலே, லேவியர் ஆகமம் 25ஆம் அதிகாரத்தில், நிலம் தமக்கே உரியது என்றும், மக்கள் தம்மிடம் தங்கியிருக்கும் அந்நியரும் குடிகளுமே என்றும் ஆண்டவர் தெளிவாய் அறிவிக்கிறார். எனவே உறுதி வைத்திருக்கும் எவரும் இறைவன் முன்னிலையில் வாரக்குடியே. ஆயினும் அதே ஆண்டவர், நாபோத் என்ற எளியவனின் சிறு திராட்சைத் தோட்டத்தை ஆகாபு அரசன் பறித்தபோது, எலியாவை அனுப்பிப் பயங்கரத் தீர்ப்பு உரைத்தார். வேறு நல்ல தோட்டம் தருகிறேன், பணம் தருகிறேன் என்று அரசன் சொல்லியும் நாபோத் இணங்கவில்லை. அது முன்னோரின் உரிமைச்சொத்து என்பதே அவன் காரணம். எளியவனின் சிறு சொந்தத்தை இறைவன் இவ்வளவு பெரிதாக மதிக்கிறார்!

புனித தோமஸ் அக்குவினாஸ் இதை நுட்பமாய் விளக்கினார். பொருளைத் தேடிப் பராமரித்துப் பங்கிடும் பொறுப்புத் தனித்தனியே இருக்கலாம். அதனால் ஒழுங்கும் அமைதியும் உண்டாகும். ஆனால் அதன் பயனைப் பொதுவானதாய்க் கருதி, தேவைப்படுவோருக்கு மனமுவந்து பகிர வேண்டும். பராமரிப்புத் தனியுடைமை, பயன் பொதுவுடைமை என்று நாம் இதைச் சுருக்கலாம்.

1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 'ரேரும் நொவாரும்' என்ற திருமடலை வெளியிட்டார். தனியுடைமை உரிமையை அவர் உறுதியாய்க் காத்தார். ஆனால் எதற்காக? உழைப்பாளி தான் பண்படுத்திய நிலத்தில் தன் முத்திரையைப் பதிக்கிறான் என்றார். கூலியிலே மிச்சம் பிடித்து அவனும் சிறிது நிலம் தேடிக்கொள்ள வேண்டும், இயன்றவரை அதிகம் பேர் உடைமையாளராக வேண்டும் என்றும் விரும்பினார். அதாவது சொத்துரிமை நல்லது. நல்லதாகையால் அது சிலரோடு நின்றுவிடக் கூடாது.

2ஆம் வத்திக்கான் சங்கம் 1965இல் இன்றைய உலகில் திருச்சபை பற்றி வெளியிட்ட ஏட்டின் 69ஆம் பிரிவு, மண்ணுலகும் அதிலுள்ளவையும் எல்லா மனிதருக்கும் என்று இறைவன் நியமித்ததை நினைவூட்டுகிறது. 71ஆம் பிரிவோ நம் மலைகளையே பார்த்து எழுதியது போலிருக்கிறது. பெருந்தோட்டங்களிலே மனிதத் தகுதிக்கு ஒவ்வாத கூலியோடும், தக்க வீடின்றியும், நாளை என்னாகும் என்ற பாதுகாப்பின்றியும் உழைப்போரின் நிலையை அது கண்டிக்கிறது. 1967இல் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர், நாபோத்தின் கதையை வைத்துப் புனித அம்புரோஸ் எழுதியதை எடுத்துக்காட்டி, ஏழைக்குக் கொடுப்பவர் தம்முடையதைத் தருவதில்லை, ஏழையுடையதைத் திருப்பித் தருகிறார் என்று படிப்பித்தார். 1981இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர், பொருள்கள் எல்லோருக்கும் பயன்படுவதற்குத் தனியுடைமை உரிமை கீழ்ப்பட்டது என்று மீண்டும் வலியுறுத்தினார்.

ஒரு நியாயமான ஆட்சேபம்

இங்கே ஒருவர் கேட்கலாம். "1840இல் காடிழந்த சிங்களக் கிராமத்தவரின் பேரப்பிள்ளைகளுக்கும் அதே மண்ணில் உரிமை இல்லையா? நாம் 200 ஆண்டு உழைப்பைச் சொன்னால், அவர்கள் அதற்கு முந்திய நூற்றாண்டுகளைச் சொல்லமாட்டார்களா?"

சொல்லுவார்கள், அதிலே நியாயமும் உண்டு. இழந்தவர் ஒருவர், உழைத்தவர் இன்னொருவர். இருவரையும் மோதவிட்டு இலாபம் கண்டவர் மூன்றாமவர். ஒருவருடைய நியாயத்தை மறுத்துத்தான் மற்றவருடைய நியாயத்தை நிலைநாட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நம் பதுளை மறைமாவட்டமே இதற்குச் சாட்சி. 1980இலிருந்து புத்தளையில் பௌத்த விவசாயிகள் நடுவே எளிய குடிலில் வாழ்ந்த அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கல் ரொட்ரிகோ, பெரும் கரும்புச் செய்கையால் நிலம் இழந்தவர்களின் பக்கம் நின்றார். 1987 நவம்பர் 10 இரவு, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சிந்திய இரத்தம் சிங்கள விவசாயியின் நிலத்துக்காக. லயத்துத் தமிழரின் உரிமைக்காகப் பேசும் நாம் அந்த விவசாயியை மறந்தால், அந்தக் குருவின் சாட்சியத்துக்கு நாம் உரியவர்கள் அல்லர்.

திருச்சபையையும் இக்கேள்வி விட்டுவைக்காது. அப்புத்தளையில் 1931இல் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய அடிஷாம் மாளிகை, 1960களிலிருந்து புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடமாயிருக்கிறது. துறவி எதையும் தனக்கென்று வைத்திருக்கலாகாது என்பது புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு. நம் முதல் ஆயர் லியோ நாணயக்கார ஆண்டகையும் அச்சபைத் துறவியே. 1972இல் கண்டி என்ற பழைய, வளமுள்ள மறைமாவட்டத்தை விட்டு, புதிதாய்த் தோன்றிய ஏழைப் பதுளையைத் தாமே விரும்பி ஏற்றார். காணியோ கட்டடமோ உள்ள ஒவ்வொரு பங்கும், ஒவ்வொரு மடமும், இதன் பயன் யாருக்குப் போகிறது என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது தகும்.

உறுதி கைக்கு வந்தபின்

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். அண்மை ஆண்டுகளிலே மலையகக் குடும்பங்களுக்குத் தனி வீடும் 7 பேர்ச் காணியும் என்ற திட்டம் மெல்ல நடந்துவருகிறது. 2025 அக்டோபரில் பண்டாரவளையில் 2000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைக்கான பத்திரங்கள் கையளிக்கப்பட்டன. ஏக்கருக்கு 160 பேர்ச். 1972இன் சட்டம் ஒருவருக்கு அனுமதித்த 50 ஏக்கர் என்பது 8000 பேர்ச். இருநூறாண்டு உழைப்பின் பின் நமக்கு 7. நியாயமான பங்கைக் கேட்பது பேராசையன்று. கேட்க வேண்டும், ஒற்றுமையாய்க் கேட்க வேண்டும். ஆனால் கிடைத்த ஏழையும் எப்படி வைத்திருக்கப் போகிறோம் என்பது நம் கையில் உள்ளது.

முதலாவது, உறுதியில் யாருடைய பெயர்? மலையிலே கொழுந்து பறித்து அந்த வீட்டைத் தாங்கியவள் மனைவி. பத்திரத்தில் கணவன் பெயர் மட்டும் இருந்தால், துரையின் பழக்கம் நம் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது என்றே பொருள். இயன்ற இடமெல்லாம் இருவர் பெயரும் இருக்கட்டும்.

இரண்டாவது, ஈடு வைப்பது. மகனை வெளிநாடு அனுப்பவென்றும், கலியாணச் செலவுக்கென்றும், சொல்லவும் வெட்கம், குடிக்கென்றும் உறுதியைக் கொண்டுபோய் வட்டிக்காரனிடம் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. துண்டிலே நம் முன்னோரைக் கட்டிவைத்தது கடன். அதே கடனுக்கு நம் பிள்ளைகளின் நிலத்தை நாமே எழுதிக்கொடுப்போமா?

மூன்றாவது, அண்ணன் தம்பி வழக்கு. ஒன்றாய் ஒரே காம்பராவில் நெருங்கிப் படுத்துறங்கிய பிள்ளைகள், ஏழு பேர்ச் வந்ததும் முகம் பாராமல் நொத்தாரிசு வீட்டுக்கும் கோட்டுக்கும் ஏறியிறங்குவது எவ்வளவு வேதனை! வயதான தாயை 'இது என் வீடு' என்று சொல்லி வெளியே அனுப்புகிறவன், முதற்பக்கத்துப் பலகையைத் தன் நெஞ்சிலேயே நட்டுக்கொள்கிறான்.

நான்காவது, இன்னும் லயத்திலே இருப்பவர்கள். நமக்கு வீடு வந்தது. பக்கத்துக் காம்பராக்காரருக்கு வரவில்லை. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் மேட்டு லயமும் பணிய லயமும் சேர்ந்து சோறு பொங்கிக் கொண்டுவந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். உறுதியில்லாத அந்த மக்களிடம் அன்புடைமை இருந்தது. வேலி போட்டபின் அது நம்மைவிட்டுப் போய்விடுமானால், ஏழு பேர்ச்சைப் பெற்று அதைவிடப் பெரியதை இழந்தவர்களாவோம்.

கடவுளிடத்தில் உரியது

கடைசியாக ஒரு சிந்தனை. நாம் ஆராய்ந்த பிரெஞ்சுச் சொல்லின் தாய்ச்சொல்லான லத்தீன் சொல், தமத்திரித்துவ திருநாள் பூசையின் முகவுரையிலே வருகிறது. கடவுள் ஒருவரே, ஆயினும் மூன்று ஆட்களுக்கும் தத்தமக்கே உரிய தன்மை உண்டு என்று அங்கே அறிக்கையிடுகிறோம். பிதாவுக்கே உரியது எது? பிதாவாயிருப்பது. அதாவது தமது தெய்வீகம் முழுவதையும் சுதனுக்குக் கொடுப்பது. சுதனுக்கே உரியது அதைப் பெற்றுக்கொண்டு மகனாயிருப்பது. கடவுளிடத்திலே 'எனக்கே உரியது' என்பது பிறருக்கு அடைத்துவைத்த ஒன்றன்று. கொடுப்பதும் பெறுவதுமே அங்கே உரிமை.

அவருடைய சாயலாய்ப் படைக்கப்பட்ட மனிதனுக்கும் அப்படியே. அவனுக்கென்று ஓரிடம் வேண்டும். ஏனெனில் தனக்கென்று எதுவும் இல்லாதவனால் விருந்தாளியை வரவேற்க முடியாது, பிள்ளைக்கு எதையும் விட்டுச்செல்ல முடியாது, மலை சரியும்போது எழுந்து போகவும் முடியாது. அவனுக்கு அந்த இடத்தை மறுப்பவன் அவனுடைய கொடுக்கும் மாண்பையே பறிக்கிறான். இடத்தைப் பெற்றும் கொடுக்க மறுப்பவன், அதைப் பெற்ற நோக்கத்தையே இழக்கிறான்.

இன்றிரவு செபமாலை சொல்லி முடிந்ததும், வீட்டில் எல்லோரும் எழும்புமுன், ஒரு கேள்வியைப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "நம்முடையது என்று நாம் சொல்வதிலே, இன்னொருவருக்காக ஆண்டவர் நம்மிடம் தந்துவைத்தது எது?" பிள்ளைகள் சொல்லும் பதிலைக் கவனமாய்க் கேளுங்கள். பெட்டியின் அடியிலே பத்திரமாய் மடித்து வைத்திருக்கும் உறுதியை அதன்பின் எடுத்துப் பார்த்தால், அதிலே உங்கள் பெயருக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் எழுதியிருக்கும் முதல் உடையவரின் பெயரும் உங்களுக்குப் புலப்படும்.